இல்லாத தீவின் பிரிவினை

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் இரண்டாவது பெட்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். காலியாக இருக்கிறதே என்றார். சாமான் வாங்கிப் போகத்தான் என்றேன். பினாங்கில் வாங்குவதற்கு நிறைய இருக்கிறது என்று சிரித்து, போகச் சொன்னார். நான் சொன்னது பொய். அந்தப் பெட்டி என் மகளின் துணிமணிகளையும் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு வருவதற்கு. அவளையும் அதோடு கூட்டிக்கொண்டு திண்டுக்கல் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துதான் புறப்பட்டிருந்தேன்.

நடந்தது இதுதான். என் மகள் ரெஜினா ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அங்கே ஆண்டுதோறும் மாணவர் நாடாளுமன்றம் நடத்துவார்கள். இந்த ஆண்டு கற்பனையாக ஒரு கூட்டரசு, அதில் தஞ்சோங் பாயு என்று ஒரு தீவு மாநிலம். அந்தத் தீவு கூட்டரசிலிருந்து பிரியலாமா என்பது விவாதம். யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ரெஜினாவுக்குத் தீவின் உறுப்பினர் சீட்டு விழுந்தது. பேசினாள். வாக்கெடுப்பில் தோற்றாள். கூட்டரசு ஒன்றாகவே இருக்கும் என்று தீர்மானமாகி எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

பிறகு யாரோ அந்தக் காணொளியில் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பரப்பிவிட்டார்கள். “இந்தத் தீவு கொடுத்தது போதும். எங்கள் துறைமுகத்து வருமானத்தில் எங்களுக்குத் திரும்பி வருவது பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடக் காணாது. கேட்டால் ஒற்றுமை என்கிறீர்கள். ஒருவர் மட்டும் பேசி மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதா ஒற்றுமை?” அவ்வளவுதான் துண்டு. பினாங்கும் தீவு. பேசுகிறவள் இந்தியாவிலிருந்து வந்த பெண். வெளிநாட்டுக்காரி நம் தீவைப் பிரிக்கச் சொல்கிறாள் என்று ஒரு தலைப்பு. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் போய்ப் போலீசில் புகார் எழுதி வைத்துவிட்டார்கள். இல்லாத ஒரு மாநிலத்தைப் பிரிக்கச் சொன்னதற்காக என் மகள் மேல் விசாரணை.

என் பெரியம்மா மகள் பிலோமினா அக்கா வாழ்க்கைப்பட்டது பினாங்கில். பாயான் பாருவில் வீடு. அவள் கணவர் சேவியர் அத்தான் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் காரோடு வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வீடு பக்கம்தான், ஆனால் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் நேரம். ஆட்களை ஏற்றிய பேருந்துகளுக்கு நடுவே நாங்கள் ஊர்ந்தோம். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “கவலப்படாத செலின். இங்க யாருக்காச்சும் கோவம் வந்தா ரிப்போட் போடுவாங்க லா. உங்க ஊர்ல போஸ்டர் ஒட்டுறாங்கல்ல, அந்த மாதிரி.”

போஸ்டரைக் கிழித்துவிடலாம் அத்தான் என்றேன்.

ரெஜினா விடுதியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கட்டிப்பிடித்துவிட்டு என் பெட்டிகளை வாங்கினாள். இரண்டாவது பெட்டி கைக்கு வந்ததும் அவள் முகம் மாறியது.

“இது காலியா இருக்கு. என்னை இதுல வச்சுத் தூக்கிட்டுப் போகவா வந்தே?”

“ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்துரும்மா. உயிரோட மரியாதையோட ஊரு போய்ச் சேருவோம்.”

“யார்கிட்ட மன்னிப்பு? தஞ்சோங் பாயு மக்கள்கிட்டயா? அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லு, போய்க் கேக்குறேன்.”

அக்கா சாப்பாட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை, கல்லூரியில் என்னைச் சந்திக்க நேரம் கொடுத்திருந்தார்கள். கல்லூரிக்கு நான் தனியாகப் போவதாகச் சொல்லி, அத்தானைத் தடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினேன். பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்ததில் பேருந்தின் எண்ணை நான் சரியாகப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது இரண்டு பக்கமும் கடல். பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த பெண்ணிடம் ஜார்ஜ் டவுன் எப்போது வரும் என்று கேட்டேன். அவள் அக்கரையில் பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பெண்.

“அக்கா, இது அக்கரைக்குப் போற பஸ் லா. தீவு அந்தா பின்னால போவுது பாருங்க.”

திரும்பிப் பார்த்தேன். தீவு நிஜமாகவே விலகிப் போய்க்கொண்டிருந்தது. மகள் பேசித்தான் காட்டினாள், அம்மா பிரித்தே விட்டாள் என்று எனக்குள் ஒரு கசப்பான சிரிப்பு வந்தது. அந்தப் பெண் தன் ஊர்ப்பக்கம் நிபோங் திபாலுக்கு வேறு பேருந்து மாற வேண்டியவள். ஆனாலும் என்னைத் தீவுக்குத் திரும்பும் படகுத்துறைவரை கூட்டிவந்து விட்டுவிட்டுத்தான் போனாள். என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். “ஓ, அந்தப் புள்ளயா” என்றாள். பிறகு, “நல்லாத்தானே பேசுச்சு” என்றாள். அந்தத் துண்டைப் பார்த்தும் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

படகில் உட்கார்ந்து வந்தபோது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் தனி நாடு கேட்டார்கள். தெருமுனைக் கூட்டத்தில் கேட்டார்கள், டெல்லி மேலவையிலேயே எழுந்து நின்றும் கேட்டார்கள். எதிரே இருந்தவர்களுக்கு ரத்தம் கொதித்திருக்கும். ஆனாலும் காது கொடுத்துக் கேட்டார்கள், பதில் சொன்னார்கள். பிறகு பிரிவினை கேட்பதற்குத் தடைச் சட்டம் வந்தது, கோரிக்கை போனது, கேட்டவர்கள் தேர்தலில் நின்று கோட்டைக்குப் போனார்கள். நாடு உடையவில்லை. இன்றைக்கு அதே பேச்சை எங்கள் கல்லூரியில் ஒரு பிள்ளை ஒத்திகையாகப் பேசினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அங்கேயும் யாராவது வெட்டித்தான் பரப்புவார்கள். அந்த நினைப்பு என் கோபத்தைத் தணிக்கவில்லை. எங்கும் ஓட இடமில்லை என்றுதான் சொன்னது.

கல்லூரியின் மாணவர் நலப் பொறுப்பாளர் ஒரு அம்மையார். மரியாதையானவர். தாமதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேநீர் வரவழைத்தார். ஆங்கிலத்தில் மெல்லப் பேசினார்.

“உங்கள் மகள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.”

எனக்கு மூச்சு வந்தது.

“அதனால்தான் அவள் பின்வாங்குவது எளிது” என்றார். “மாணவர் நாடாளுமன்றத்தின் நிறைவு அமர்வு இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் எழுந்து, பேசியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லட்டும். அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுவோம். உடனே அவளுடைய மாணவர் விசாவுக்கு ஆதரவாக நாங்கள் குடிநுழைவுத் துறைக்கு எழுதுவோம். இல்லாவிட்டால் எங்களால் எந்த உறுதியும் தர முடியாது.”

விவாதத் தலைப்பைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். கல்லூரிதான் என்றார். சீட்டுக் குலுக்கியது? கல்லூரி ஆசிரியர். காணொளி எடுத்து வலையில் ஏற்றியது? கல்லூரியின் ஊடகப் பிரிவு. மிகச் சிறப்பான நிகழ்ச்சி என்று பாராட்டு வந்தது என்றார், பெருமையை முழுவதும் மறைக்க முடியாமல். பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது அரசன் வேடம் கொடுத்துவிட்டு, குழந்தைகளைக் கொல்லச் சொன்னாயே என்று பிள்ளையைப் போலீசில் பிடித்துக் கொடுப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். ஆனால் மூன்றாம் ஆண்டு. இன்னும் ஓராண்டுதான் பாக்கி. தொழிற்பேட்டையில் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருக்கிறது. சரி, சொல்லவைக்கிறேன் என்றேன். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். என்னால் காட்ட முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

*

பசி காதை அடைத்தது. பாயான் பாரு பேருந்துக்காகப் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு தமிழ் முஸ்லிம் கடை. ரமலான் மாதம். கடைக்காரர் நோன்போடு கல்லாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் தவக்காலம், வெள்ளிக்கிழமை கறி கிடையாது. சோறும் மீனும் கேட்டேன். பரிமாறுகிறவர் மீனை வைத்துவிட்டு நான்கு சட்டியிலிருந்தும் குழம்பை அள்ளி அள்ளி ஊற்றினார். கோழி, மாடு, நண்டு எல்லாம் ஒன்றாகச் சோற்றில் இறங்கின.

நான் கத்திவிட்டேன். காலையிலிருந்து அடக்கிவைத்த எல்லாம் அந்தக் குழம்பின் மேல் கொட்டியது. மீன் கேட்டால் மீன் குழம்பு ஊற்ற வேண்டாமா, ஒருத்தர் என்ன கேட்கிறார் என்று காது கொடுத்துக் கேட்கவே மாட்டீர்களா என்றெல்லாம்.

கடைக்காரர் எழுந்து வந்தார். “அக்கா, இது நாசி கண்டார் சோறு, எல்லாக் கொழம்பும் கலந்துதான் ஊத்துவோம். அதுக்குத்தான் ஆளு வரிசையில நிக்கிறாங்க.” பிறகு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். “அட, உங்களுக்கும் நோம்பா? சொல்லக்கூடாதா? டேய், அக்காவுக்கு வேற தட்டு. மீன் கொழம்பு மட்டும்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்து சாப்பிட்டேன். தொலைக்காட்சியில் சத்தம் கூடியது. நிஜ நாடாளுமன்றம், முந்தின நாள் கூட்டம். கடலுக்கு அப்பாலுள்ள மாநிலத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினர் நின்று பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். கூட்டரசில் சேரும்போது சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று, இப்படியே போனால் எங்கள் பிள்ளைகள் வாசல் கதவு எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பிப்பார்கள் என்கிறாராம். எதிர்வரிசையில் மேசையைத் தட்டி ஒரே கூச்சல். “தாரே பாலே, தாரே பாலே.”

“அப்படின்னா?”

“திருப்பி எடுத்துக்கோன்னு அர்த்தம் அக்கா. பேசுனத வாபஸ் வாங்கணுமாம்.”

“வாங்கிட்டாரா?”

“அவரா? நோம்பு தொறக்கிற நேரத்துல பாருங்க, கேன்டீன்ல ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே மேசையில உக்காந்திருப்பாங்க.” அவர் மறுபடி கல்லாவில் போய் அமர்ந்தார். “உள்ள பேசுனா பேச்சு, வெளிய பேசுனா கேசு. அவ்ளோதான் லா.”

என் மகள் சொன்னதும் அதேதான். இவர் நிஜ மாநிலத்துக்காகச் சொன்னார், அவள் இல்லாத மாநிலத்துக்காகச் சொன்னாள். நிஜத்தைச் சொன்னவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

*

சனிக்கிழமை காலை போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனபோது வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் நின்றவர் கையிலிருந்த ஒரு புகார்த் தாளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். படம் எடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வெயில் விழுகிறது என்று மறுபடி எடுத்தார்கள்.

“யார் மேல அத்தான்?” என்றேன்.

அத்தான் பதாகையை வாசித்தார். “நம்ம மேல இல்ல. ஏதோ பிஸ்கட் டப்பாவுல படம் சரியில்லையாம்.”

உள்ளே இன்ஸ்பெக்டர் இளைஞர். தான் நோன்பு என்றும் எங்களோடு குடிக்க முடியாததற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொல்லி, எங்களுக்கு மட்டும் சூடாக மைலோ வரவழைத்தார். பிறகு கணினியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தஞ்சோங் பாயு எந்த மாவட்டம் என்று கேட்டார்.

“அப்படி ஒரு இடம் இல்லை சார்” என்றாள் ரெஜினா.

“இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது.”

கடைசியில் கல்லூரி அரங்கத்தின் முகவரியைத் தட்டினார். முழுக் காணொளியைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். வீட்டில் பார்த்தேன் என்றார். புகாரோடு வந்தது துண்டு மட்டும்தான், கோப்பில் இருப்பது அதுதான், மற்றதையும் சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. போகும்போது ரெஜினாவின் கைத்தொலைபேசியைப் பரிசோதனைக்கு என்று உறையில் போட்டு ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. அவள் காரில் ஏறியதும் பழக்கத்தில் கையைப் பைக்குள் விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லாமல் கையை வெளியே எடுத்தாள். அவள் வயதில் ஒரு பெண் வெறுங்கையோடு காரில் உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மாலை அவளிடம் கெஞ்சினேன். வாதாடவில்லை, கெஞ்சினேன். ஒரே ஒரு வாக்கியம், நிற்க வேண்டும், சொல்ல வேண்டும், உட்கார வேண்டும். கடைசியில் சரி என்றாள். “உனக்காக” என்றாள். அதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும்.

*

நிறைவு அமர்வில் பெற்றோருக்கும் இடம் இருந்தது. சபாநாயகர் வெய் ஷெங் என்ற மாணவன். யாருடைய பட்டமளிப்பு அங்கியையோ இரவல் வாங்கி அணிந்திருந்தான், அது அவனுக்கு முழங்கால்வரை கூட வரவில்லை. அவனுக்கு முன்னால் செங்கோல். இறகுப்பந்து அடைத்து வரும் அட்டைக் குழாயில் தங்கத் தாள் சுற்றியிருந்தார்கள். எதிர்வரிசையில் பிரதமராக நூருல். அன்றைக்கு ரெஜினாவுக்குப் பதில் சொல்லி வாக்கெடுப்பில் ஜெயித்த பெண் இவள்தான். வலையில் ரெஜினாவைத் திட்டியவர்கள் எல்லாம் இவளைத் தேசத்தின் மகள் என்று புகழ்ந்திருந்தார்கள். நான் அவளைப் பார்க்க விரும்பவில்லை.

ரெஜினா எழுந்தாள். “சபாநாயகர் அவர்களே, தஞ்சோங் பாயுவின் உறுப்பினராக நான் பேசியது அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன்.” உட்கார்ந்தாள். முதல் வரிசையில் பொறுப்பாளர் அம்மையார் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அந்தத் தலையசைப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அப்போது நூருல் எழுந்தாள். விதி குறித்து ஒரு விளக்கம் வேண்டும் என்றாள்.

“மாண்புமிகு உறுப்பினரின் பேச்சு இனி அவைக்குறிப்பில் இருக்காது. அப்படித்தானே?”

“இருக்காது” என்றான் வெய் ஷெங்.

“அப்படியானால் நான் யாருக்குப் பதில் சொன்னேன்? யாருமே கேட்காத கேள்விக்கு எழுந்து நின்று அரை மணி நேரம் கத்திய பைத்தியமாக நான் குறிப்பில் இருக்க முடியாது. கூட்டரசு ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் பேசிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன்.”

அவளுக்குப் பக்கத்திலிருந்த நிதியமைச்சர் எழுந்தான். நானும் திரும்பப் பெறுகிறேன் என்றான். பின்னால் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருவன். ஆளும் வரிசை முழுவதும் ஒவ்வொருவராக எழுந்து தேச ஒற்றுமையைத் திரும்பப் பெற்றுவிட்டு உட்கார்ந்தது.

வெய் ஷெங் குறிப்பேட்டைப் பார்த்தான். “பேச்சு எதுவும் மிச்சமில்லாததால் வாக்கெடுப்பும் செல்லாது. கூட்டரசு இப்போது ஒன்றாக இருக்கிறதா இல்லையா என்று இந்த அவையால் சொல்ல முடியவில்லை.”

கல்லூரியின் ஊடகப் பிரிவு வழக்கம்போல் எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் அம்மையார் அந்தக் கேமராவை ஒரு முறை பார்த்தார். கல்லூரியில் தேச ஒற்றுமை வாபஸ் என்ற தலைப்பு அவர் கண்முன் ஓடியிருக்க வேண்டும். எழுந்து நின்றார். “யாரும் எதையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. எல்லாம் குறிப்பில் இருக்கட்டும்.”

“மன்னிக்க வேண்டும்” என்றான் வெய் ஷெங். “பார்வையாளர் பகுதியிலிருந்து பேச அனுமதியில்லை.”

அப்போதுதான் அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவன் ரெஜினாவைப் பார்த்தான். அவள் எழுந்து, திரும்பப் பெற்றதைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள். பிறகு நூருல். பிறகு அத்தனை பேரும். கூட்டரசு மறுபடி ஒன்றானது.

நோன்பு திறக்கும் நேரம்வரை காத்திருந்து நூருலையும் சாப்பிட அழைத்தோம். முதல் பேரீச்சம்பழத்தை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவள் தின்றாள். இருவரும் பேசிவைத்துச் செய்தீர்களா என்று ரெஜினாவிடம் தமிழில் கேட்டேன்.

“இல்லம்மா. அவளுக்கு என் பேச்சே பிடிக்காது. அவ நிஜமாவே ஒன்னா இருக்கணும்னு நினைக்கிறவ.”

என்ன சொல்கிறாய் என்று நூருல் கேட்டாள். ரெஜினா சொன்னதும், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: “ஆன்ட்டி, அவள் பேச்சில் நிறைய ஓட்டை. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதை அழித்துவிட்டால் நான் ஜெயித்ததற்கு என்ன சாட்சி?” அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எனக்கும்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

குடிநுழைவுத் துறைக்குக் கல்லூரி எழுதிய கடிதம் மறுநாளே வந்தது. இரண்டே வரி, ஆனால் போதும் என்றார் அத்தான். போலீசிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. கைத்தொலைபேசியும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். ரெஜினா விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அவளைக் கூட்டிப்போகிற பேச்சை நான் எடுக்கவில்லை. காலிப் பெட்டியை அக்கா ஜாதிக்காய் ஊறுகாயாலும் பிஸ்கட்டாலும் நிரப்பினாள். விமான நிலையத்தில் அதைத் தராசில் தூக்கி வைக்க அத்தானோடு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

உள்ளே காத்திருந்தபோது எங்கள் குடும்பக் குழுவில் என் கணவரின் அண்ணன் எழுதியிருந்தார். அந்தத் துண்டு வெளிவந்த நாளிலிருந்து, பெண் பிள்ளைக்கு அரசியல் எதற்கு, காலில் விழுந்தாவது முடித்துவிட்டு வாருங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான். “என்ன ஆச்சு? மன்னிப்புக் கேட்டாளா இல்லையா?”

எழுதினேன்: “பேசியதைத் திரும்பப் பெற்றாள். அவர்கள்தான் வேண்டாம், குறிப்பிலேயே இருக்கட்டும் என்றார்கள்.”